தங்கச்சிக்கு இந்தியாவுல கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்துல இடம்: கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி என்ன பார்க்கணும்?

கொழுந்துக்கூடை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க தலவாக்கலைப் பக்கம். தங்கச்சி ஏ.எல் கணிதப் பிரிவு: பௌதிகவியல் பி, இணைந்த கணிதம் சி, இரசாயனவியல் எஸ். மாவட்டம் நுவரெலியா. இங்க பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வர இன்னும் மாசக்கணக்கா இருக்கு. அதுக்குள்ள தென்னிந்தியாவுல ஒரு கிறிஸ்தவ நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துல (பல்கலைக்கழக அந்தஸ்து கிடைச்ச நிறுவனம்) பீ.டெக் கம்பியூட்டர் சயன்சுக்குத் தற்காலிக அனுமதிக் கடிதம் வந்திருச்சு. பேர் போடலை, போட்டா பேச்சு அந்தப் பக்கம் போயிடும்.

எங்களுக்குப் புரியாத விஷயம் மூணு.

வீட்டுல அப்பா கத்தோலிக்கம், அம்மா சைவம். பூசைக்கும் போவோம், தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கும் போவோம். அந்தக் கெம்பஸ்ல தினமும் சிற்றாலய ஆராதனை இருக்குன்னு கையேட்டுல போட்டிருக்கு. அது கட்டாயமா? அம்மா கேட்கிறது ஒண்ணே ஒண்ணுதான்: பொட்டு வைக்க விடுவாங்களா?

ரெண்டாவது, கையேடு முழுக்கச் சாதனை. நாக் (இந்தியாவுல கல்வி நிறுவனங்களுக்குத் தரம் போடுற அமைப்பு) தரம், காப்புரிமை, வேலைவாய்ப்பு வீதம், தரவரிசை. இதுல எது நமக்கு இங்க செல்லும்?

மூணாவது கடதாசி வேலை. விண்ணப்பத்துல கிறிஸ்தவர்னு போட்டதால ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கிறாங்க. பிறப்புச் சான்றிதழ்ல இல்லாத ‘மேரி’ அதுல முன்னாடி சேர்ந்திருக்கு.

கூடவே ஒரு சின்னக் கேள்வி. தம்பிக்கு இறையியல் படிக்க ஆசை. அதுக்கும் இந்தியாதான் போகணுமா?

பெரட்டுக்களம் பதில்:

மூணாவதுல இருந்து ஆரம்பிக்கிறேன், அதுக்குத்தான் நாள் போகும்.

பாஸ்போர்ட்டுல இருக்கிற பேர்தான் தலை. விசா, கல்லூரிப் பதிவேடு, கடைசியா வர்ற பட்டச் சான்றிதழ் எல்லாத்துலயும் அதே எழுத்து, அதே வரிசையில வரணும். ஞானஸ்நானச் சான்றிதழைத் திருத்தப் போகாதீங்க. அது கோவில் பதிவேட்டுல அன்னைக்கு எழுதினது. பங்குத்தந்தைகிட்ட கோவில் கடிதத்தாள்ல ஒரு கடிதம் வாங்குங்க. அதுல ஞானஸ்நானப் பதிவு இலக்கம், பிறந்த திகதி, தாய் தகப்பன் பேர் மூணும் இருக்கணும். சமாதான நீதவான் முன்னால ‘ரெண்டு பேரும் ஒரே ஆளையே குறிக்கும்’னு ஒரு சத்தியக் கடதாசி முடிச்சு, ரெண்டையும் சேர்த்து வைங்க. பெரும்பாலும் அது போதும்.

பிறப்புச் சான்றிதழ்லயே பிழை இருந்தா கதை வேற. தோட்டத்துப் பதிவுகள்ல இது நிறைய: முனியாண்டி முனியான்டி ஆகியிருக்கும், தாயோட பேர்ல ஒரு எழுத்து விழுந்திருக்கும். அதுக்குப் பிரதேச செயலகத்துல மேலதிக மாவட்டப் பதிவாளர்கிட்ட விண்ணப்பம் போடணும், வாரக்கணக்கில இழுக்கும். பாஸ்போர்ட் எடுக்கிறதுக்கு முன்னாடி இதை முடிக்கலைன்னா பாஸ்போர்ட்டும் பிழையோடதான் வரும். அப்புறம் ரெண்டையும் திருத்தணும்.

இந்திய விண்ணப்பத்துல குடும்பப் பேர், சொந்தப் பேர்னு ரெண்டு கட்டம் இருக்கும். நம்ம ஆளுங்க முன்னெழுத்தைக் குடும்பப் பேர் கட்டத்துல போட்டுட்டு விட்டுடுவாங்க. பாஸ்போர்ட்டுல எந்தக் கட்டத்துல எது இருக்கோ அதை அப்படியே பார்த்து எழுதுங்க, உங்க நியாயம் வேண்டாம்.

பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்துல ஆங்கிலத்துல எடுங்க, ஒன்லைன்ல கேட்கலாம். ஓ.எல்லும் வேணும், ஏ.எல் மட்டும் போதாது. பிறப்புச் சான்றிதழ் சிங்களத்துலயோ தமிழ்லயோ இருந்தா சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்கிட்ட ஆங்கிலத்துக்கு மாத்தி, வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவுல அத்தாட்சி எடுக்கணும். பத்தரமுல்லைக்கே போகணும்னு இல்லை, கண்டியில பிராந்திய அலுவலகம் இருக்கு. நேரம் முன்கூட்டியே எடுத்துட்டுப் போங்க. தயவுசெஞ்சு மூலப் பிரதியை லெமினேட் பண்ணாதீங்க. பிளாஸ்டிக் மேல சீல் குத்த முடியாது, உரிச்சா கடதாசியும் கிழியும்.

இப்ப அந்த எஸ். இதைத்தான் நான் பெருசா நினைக்கிறேன். நம்ம சான்றிதழ்ல புள்ளி இல்லை, தரம் மட்டும்தான். பி 65 முதல் 74, சி 55 முதல் 64, எஸ் 35 முதல் 54. அங்க அனுமதி விதி மூணு பாடத்துக்கும் சேர்த்து சதவீதத்துல இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் கீழ் எல்லையைப் போட்டா தங்கச்சிக்கு 155, அதாவது 300க்கு 51.7 வீதம். மேல் எல்லையைப் போட்டா 192, அது 64 வீதம். 45 வீதம் கேட்கிற இடத்துல எப்படிப் பார்த்தாலும் பிரச்சினை இல்லை. 60 கேட்கிற இடம்னா அந்த அலுவலகம் எந்தக் கணக்குல மாத்துதுங்கிறதுல வாழ்க்கையே தொங்குது. ‘தற்காலிக அனுமதி’ன்னு கடிதத்துல இருக்கே, அந்தச் சொல்லுக்கு அர்த்தம் இதுதான். தரத்தை எப்படிச் சதவீதமாக்குவீங்கன்னு மின்னஞ்சல்ல கேட்டு, எழுத்துல பதில் வாங்காம ஒரு சதமும் அனுப்பாதீங்க.

அதோட ஒரு சமத்துவச் சான்றிதழும் கேட்பாங்க. நம்ம ஏ.எல் அவங்க பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமம்னு அது சொல்லும். சில இடத்துல சேர்ந்த பிறகு கொடுத்தா போதும்னு விடுவாங்க. பிள்ளைகளும் விட்டுடுவாங்க, கடைசி வருஷத்துல ஓடுவாங்க.

விசா மாணவர் விசாவாத்தான் இருக்கணும். சுற்றுலா விசாவுல போய் அங்க மாத்திக்கலாம்னு ஏஜென்ட் சொன்னா அந்த ஏஜென்ட்டையே மாத்துங்க. 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசான்னா இறங்கின நாள்ல இருந்து 14 நாளுக்குள்ள வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துல பதியணும், இப்ப அது ஒன்லைன்ல. கல்லூரி கொடுக்கிற மாணவர் உறுதிக் கடிதமும் விடுதி முகவரிக்கு ஆதாரமும் வேணும். இந்த 14 நாள் விமான நிலையத்துச் சீல்ல இருந்து ஓடும், வகுப்பு தொடங்கின நாள்ல இருந்து இல்லை. கூடலூர், கோத்தகிரிப் பக்கம் சொந்தக்காரங்க வீட்டுல ஒரு வாரம் நின்னுட்டுப் போறவங்க இங்கதான் மாட்டிக்கிறாங்க.

கட்டணம் பல்கலைக்கழகத்தோட வங்கிக் கணக்குக்கு இங்கிருந்து வங்கி மூலமா நேரா போகணும். தனியாள் கணக்கு இலக்கம் கொடுத்தா அங்கயே நிறுத்துங்க.

மணியோசை பதில்:

கூடை தம்பி, அம்மாவோட கேள்வியை முதல்ல முடிச்சிடுவோம். பொட்டு வைக்கலாம். உடை விதின்னு அவங்க எழுதி வைக்கிறது துப்பட்டா, அடையாள அட்டை, காலணி மாதிரி விஷயங்களைத்தான். ஆனா விதி வேற, விடுதி அறையில கூட இருக்கிற பிள்ளைகளோட பார்வை வேற. பெந்தெகொஸ்தே பழக்கத்துல வளர்ந்த பிள்ளைங்க நகையும் போட மாட்டாங்க, பொட்டும் வைக்க மாட்டாங்க. நாலு பேர் அப்படி இருக்கிற அறையில அஞ்சாவது பிள்ளை தானாவே பொட்டை எடுத்துடும், யாரும் சொல்லவே தேவையில்லை. இதை அம்மாகிட்ட மறைக்காம சொல்லுங்க. தங்கச்சிகிட்ட அதுக்கு முன்னாடி சொல்லுங்க.

ஆராதனை கட்டாயமாங்கிறதுக்கு இந்திய அரசியலமைப்புலயே பதில் இருக்கு. 28ஆம் உறுப்புரையின் 3ஆம் பிரிவு: அரசு அங்கீகரிச்ச அல்லது அரசு உதவி பெறுற கல்வி நிலையத்துல படிக்கிற யாரையும் சம்மதம் இல்லாம சமயப் போதனைக்கோ வழிபாட்டுக்கோ வரச் சொல்ல முடியாது. வயசு வராதவங்கன்னா பாதுகாவலர் சம்மதிக்கணும். தங்கச்சிக்கு வயசு வந்திருச்சு, சம்மதம் அவளோடது. அதனாலதான் அனுமதிப் படிவத்துல, பொதுவா உறுதிமொழிப் பக்கத்துல, ‘நிறுவனத்தின் ஆன்மீக நிகழ்ச்சிகளில் பங்கேற்க இணங்குகிறேன்’ங்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். பகிடிவதைக்கு எதிரான உறுதிமொழி, விடுதி உறுதிமொழி இதுகளுக்கு நடுவுல சின்ன எழுத்துல கிடக்கும். பத்துக் கையெழுத்துல அதுவும் ஒண்ணா போயிடும். போட்டா அதுதான் சம்மதம். போடுறதுக்கு முன்னாடி ‘கத்தோலிக்க வழிபாட்டுக்கு ஞாயிறு வெளியே போக அனுமதி வேணும்’னு எழுத்துல கேட்டு வாங்கிட்டா பின்னால சண்டை இல்லை.

ஒண்ணு கவனிங்க, விழுமியக் கல்வின்னு ஒரு பாடம் இருக்கும். அது ஆராதனை இல்லை, மதிப்பலகு உள்ள பாடம். அதுக்கு வராம இருந்தா வரவுல அடி விழும். சில கத்தோலிக்கக் கல்லூரிகள்ல கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மத்தவங்களுக்கு அதே நேரத்துல அறநெறி வகுப்புன்னு பிரிப்பாங்க. அப்பா பக்கம் போட்டு ‘கத்தோலிக்கம்’னு எழுதினா மறைக்கல்வி வகுப்புலதான் உட்காரணும், அதையும் யோசிச்சு எழுதுங்க.

‘கிறிஸ்தவப் பல்கலைக்கழகம்’னு ஒரே பேர் சொன்னாலும் உள்ள எல்லாம் ஒண்ணு இல்லை. பெங்களூரு கிறைஸ்ட் கார்மேல் சபைத் துறவிகளோடது, 1969ல கல்லூரியாத் தொடங்கி 2008ல நிகர்நிலை ஆனது. அங்க பூசை நடக்கும். கோயம்புத்தூர் காருண்யா 1986ல தொடங்கினது, 2004ல நிகர்நிலை. அது ‘இயேசு அழைக்கிறார்’ ஊழியத்தோட வேர்ல வந்தது, பாட்டும் ஜெபமும் சுதந்திர சபை முறையில இருக்கும். சென்னை லொயோலா இயேசு சபை, 1925. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரிக்கு ஸ்கொட்லாந்து மிஷன் வேர், 1837. நம்ம தோட்டத்துக் கோவில்ல சுவாமி வைக்கிற பூசைக்குப் பழகின பிள்ளைக்கு, கைதட்டிப் பாடுற ஒரு மணிநேர ஆராதனை முதல் மாசம் திகைப்பாத்தான் இருக்கும். அதுல நற்கருணை இல்லை. ஞாயிறு கடமைக்குப் பக்கத்துப் பங்குக் கோவிலைத் தேடணும். வெளியே போற அனுமதிச் சீட்டு பொதுவா சனிக்கிழமையே போடணும், ஞாயிறு காலையில எழும்பிக் கேட்டா வார்டன் இருக்க மாட்டாங்க. பூசை நேரத்தையும் விடுதி வாசல் நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துட்டு எந்தக் கோவில்னு முடிவு பண்ணுங்க. ஆறு மணிக்கு வாசல் பூட்டுற விடுதியில இருந்து மாலைப் பூசைக்குப் போக முடியாது.

துணைக்கு ஆள் வேணும்னா, கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு அங்க அனைத்திந்தியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகக் கூட்டமைப்பு இருக்கு, ஐக்கஃப்னு சொல்லுவாங்க, 1924ல இருந்து இயங்குது. சமூக நீதி, கிராமத்து முகாம்னு போவாங்க. யூ.ஈ.எஸ்.ஐ வேதாகமப் படிப்பு வட்டம், 1954. நம்ம ஊர் கெம்பஸ்ல இருக்கிற ஃபோக்கஸ் கிறிஸ்தவ மாணவர் வட்டம் தெரிஞ்சவங்களுக்கு அதே சாயல்.

சாப்பாடும் சமயத்தோட சேர்ந்ததுதானே. வெள்ளிக்கிழமை மரக்கறின்னா மெஸ்ல சேரும்போதே சைவமா அசைவமான்னு குறிக்கணும், நாளுக்கு நாள் மாத்த விட மாட்டாங்க. தேங்காய்ச் சம்பல் கிடைக்காது. அதுக்கு எந்த உறுப்புரையும் இல்லை.

அளவுகோல் பதில்:

கையேட்டுச் சாதனைக்கு வர்றேன். ஒவ்வொரு எழுத்தும் எதை அளக்குதுன்னு தெரிஞ்சா பாதி மயக்கம் தெளியும்.

நாக் அளக்கிறது முழு நிறுவனத்தை. எழுத்துத் தரம் நாலுக்குப் போட்ட புள்ளியில இருந்து வந்தது: 3.51 முதல் ஏ++, 3.26 முதல் 3.50 வரை ஏ+, 3.01 முதல் 3.25 வரை ஏ. நூலகம், நிர்வாகம், ஆய்வு எல்லாம் அதுல கலந்திருக்கும். தங்கச்சி படிக்கப் போற துறை நல்லதான்னு அது சொல்லாது.

துறையைச் சொல்றது என்.பி.ஏ, அதாவது இந்தியாவோட தேசிய அங்கீகாரச் சபை. பொறியியலுக்கு இதுதான் முக்கியம், காரணம் வாஷிங்டன் உடன்படிக்கை, அதாவது பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒண்ணுக்கொண்ணு ஏத்துக்கிற ஒப்பந்தம். இந்தியாவோட என்.பி.ஏயும் நம்ம இலங்கைப் பொறியியலாளர் நிறுவனமும் ரெண்டுமே 2014ல அதுல முழு உறுப்பினர் ஆனாங்க. ஆனா செல்லுறது ‘முதல் அடுக்கு’ (டியர் 1) முறையில அங்கீகாரம் கிடைச்ச பாடநெறிக்கு மட்டும். ஒரே பல்கலைக்கழகத்துல மெக்கானிக்கலுக்கு இருக்கும், கம்பியூட்டர் சயன்சுக்கு இருக்காது. அல்லது கம்பியூட்டர் சயன்சுக்கு இருக்கும், அதுல இருந்து புதுசாப் பிரிஞ்ச செயற்கை நுண்ணறிவுப் பிரிவுக்கு இருக்காது. என்.பி.ஏ இணையத்தளத்துல நிறுவனத்தைத் தேடி, பாடநெறிப் பேர், அடுக்கு, எந்தக் கல்வியாண்டு வரை செல்லும்ங்கிற மூணையும் பாருங்க. அனுமதிக் கடிதத்துல இருக்கிற பாடநெறிப் பேர் சொல்லுக்குச் சொல் அங்க இருக்கணும்.

இலங்கைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பார்க்கிறது வேற. பொதுநலவாயப் பல்கலைக்கழக ஆண்டு நூல்லயோ சர்வதேசப் பல்கலைக்கழகக் கைநூல்லயோ அந்தப் பல்கலைக்கழகம் இருக்கா, அவ்வளவுதான். இருந்தா அங்கீகாரக் கடிதம் கொடுப்பாங்க. அரசாங்க வேலைக்கும் இங்க பட்டமேற்படிப்புக்கும் அந்தக் கடிதம் வேணும். இதுல ஒரு சின்னப் பொறி இருக்கு. 2017ல இந்திய உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு நிகர்நிலை நிறுவனங்கள் ‘யுனிவர்சிட்டி’ங்கிற சொல்லைப் பேரோட ஒட்டிப் போட முடியாது, ‘டீம்ட் டு பி யுனிவர்சிட்டி’ன்னு தனியாத்தான் போடணும். பட்டத்துல ‘இன்ஸ்டிடியூட்’னு இருக்கும், விளம்பரப் பலகையில வேற மாதிரி இருக்கும். பட்டத்துல வரப்போற பேரை வச்சுத் தேடுங்க. அதே மாதிரி தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி எவ்வளவு பேர் போனதா இருந்தாலும் அது கல்லூரி. ராதாகிருஷ்ணன் படிச்ச இடம், ஆனா பட்டம் கொடுக்கிறது சென்னைப் பல்கலைக்கழகம். அங்கீகாரம் தேட வேண்டியது சென்னையை.

காப்புரிமைக்கு ஒரே கேள்வி: பதிவுக்குப் போட்டதா, கொடுக்கப்பட்டதா? விண்ணப்பம் போட்டாலே எண்ணிக்கையில சேர்த்துடுவாங்க.

வேலைவாய்ப்பு வீதம் நம்ம பிள்ளைக்குப் பொருந்தவே பொருந்தாது, இதை ஏன் யாரும் சொல்றதில்லைன்னு தெரியலை. இந்தியாவுல வெளிநாட்டவர் வேலை விசா எடுக்கணும்னா, சில விதிவிலக்குப் போக, ஆண்டுச் சம்பளம் 16.25 இலட்சம் இந்திய ரூபாவுக்கு மேல இருக்கணும். புதுப் பட்டதாரிக்குக் கெம்பஸ்ல கிடைக்கிற சாதாரண வேலை அதுக்குப் பக்கத்துலயும் வராது. ஆக நேர்முகத்துல தெரிவானாலும் விசா கிடையாது. வீட்டுல பாட்டன் பூட்டன் இந்தியாவுல பிறந்ததுக்கு ஆதாரம் இருந்தா ஓ.சி.ஐ அட்டைக்கு (வெளிநாட்டுல இருக்கிற இந்திய வம்சாவளிக்காரங்களுக்கு இந்தியா கொடுக்கிறது) முயற்சி பண்ணுங்க, கண்டி இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்துல விசாரிக்கலாம். அந்த அட்டை இருந்தா வேலை விசாவும் வேண்டாம், பெரட்டு அண்ணன் சொன்ன 14 நாள் பதிவும் வேண்டாம். அலமாரி அடியில கிடக்கிற பழைய இந்தியப் பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாதீங்க.

பிள்ளையோட சொந்தச் சாதனைக்கு வந்தா, வரவுதான் அத்திவாரம். 75 வீதம் இல்லைன்னா பரீட்சை எழுத விட மாட்டாங்க. கிறைஸ்ட் மாதிரி இடத்துல 85. ஊருக்கு வந்துட்டுப் போற பிள்ளை இதைக் கணக்குப் போடணும்: 90 வேலைநாள் உள்ள ஒரு பருவத்துல 75 வீதம்னா மொத்தமே 22 நாள்தான் விடலாம். காய்ச்சல், விசா அலைச்சல் எல்லாம் அதுக்குள்ளதான். ஒரு பாடம் அரியர் விழுந்தா, அதாவது சித்தியடையாம மறுபடி எழுத வேண்டி வந்தா, பல இடங்கள்ல தங்கப் பதக்கத்துக்கும் தரவரிசைக்கும் பேர் போகாது, அடுத்த தடவை முழுப் புள்ளி எடுத்தாலும்.

கிறிஸ்தவக் கல்வி நிலையமும் தமிழாளுங்க சாதனையும்னா நாம ஒண்ணும் புதுசா அக்கரைக்குப் போறவங்க இல்லை. 1823ல வட்டுக்கோட்டையில அமெரிக்க மிஷன் தொடங்கின செமினரியில படிச்ச சி.வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும்தான் 1857ல சென்னைப் பல்கலைக்கழகத்தோட முதல் பட்டதாரிகள். அவங்களை நாக் தரம் கேட்க யாரும் இல்லை.

டீத்தூள் பதில்:

‘தேங்காய்ச் சம்பலுக்கு உறுப்புரை இல்லை’. இதுக்காகவே மணியோசை அக்காவுக்கு ஒரு லைக்.

மகாவலி ஓரம் பதில்:

எல்லாரும் அனுப்புறதுலயே நிக்கிறீங்க. இங்க இருக்கிறதை விடக் கூடாது. யூ.ஜீ.சி (நம்ம பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு) விண்ணப்பத்தைக் கட்டாயம் போடுங்க, இந்தியாக் கடிதம் கையில இருக்குன்னு விட்டுடாதீங்க. பல்கலைக்கழக அனுமதி பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் திறமை, 55 வீதம் மாவட்டம், மிச்சம் 5 வீதம் கல்வியில பின்தங்கின 16 மாவட்டத்துக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்த 16ல வருது. அதே இசட் ஸ்கோர் (ஏ.எல் புள்ளியை வச்சு அனுமதிக்காகப் போடுற தரப்படுத்தின புள்ளி) கண்டி மாவட்டப் பிள்ளைக்கு எட்டாத இடத்தை நுவரெலியாப் பிள்ளைக்கு எட்ட வைக்கும். பொறியியல் ஒண்ணையே நம்பி வரிசை போடாம பௌதிக விஞ்ஞானம், கணினி சம்பந்தமான பாடநெறி, பதுளை ஊவா வெல்லஸ்ஸ எல்லாத்தையும் வரிசையில சேருங்க. வரிசைதான் விதி: மேல போட்டது கிடைச்சா கீழ இருக்கிறதைப் பார்க்கவே மாட்டாங்க.

சமயம்னு பார்த்தா பேராதனை அரசாங்கப் பல்கலைக்கழகம்தான், ஆனா மேட்டுல குறிஞ்சிக் குமரன் கோயில் இருக்கு, கத்தோலிக்கருக்கும் புரட்டஸ்தாந்துக்காரருக்கும் வழிபாட்டிடம் இருக்கு, விகாரை இருக்கு, பள்ளிவாசல் இருக்கு. அப்பாவும் அம்மாவும் ஒரே நாள்ல பார்க்க வந்தா ரெண்டு பேருக்கும் போக இடம் உண்டு. யாரும் உறுதிமொழியும் கேட்க மாட்டாங்க. கல்விக் கட்டணமும் இல்லை.

வீட்டுல தோட்டத் தொழிலாளி யாராவது இருந்தா, இங்க உள்ள பல்கலைக்கழகத்துல சேர்ந்த பிள்ளைக்குக் கண்டி இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயம் மூலமா இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியத்தோட புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கலாம். இந்தியாவுக்கே போறதுன்னா நேரு, மௌலானா ஆசாத், ராஜீவ் காந்தி புலமைப்பரிசில்கள் இருக்கு. அதுக்குத் தனி விண்ணப்பம்.

சிக்கல் நாட்காட்டியிலதான். இந்தியாவுல வகுப்பு ஜூலை, ஓகஸ்ட்ல தொடங்கிடும், நம்ம வெட்டுப்புள்ளி அதுக்குப் பிறகு வரலாம். அதனால முதல் தவணைக் கட்டணம் கட்டுறதுக்கு முன்னாடி ‘எந்தத் திகதிக்குள்ள விலகினா எவ்வளவு திரும்ப வரும்’னு எழுத்துல கேளுங்க. கட்டணம் டொலர்ல போகும், திரும்ப வர்றது எந்த மாற்று வீதத்துலன்னும் கேளுங்க.

பிலிமத்தலாவை பஸ் பதில்:

தம்பி விஷயத்துக்கு மட்டும் சொல்றேன். இறையியலுக்கு இந்தியா போகத் தேவையில்லை. கண்டி கொழும்பு ரோட்டுல, பேராதனைக்கு அங்கால பிலிமத்தலாவையில இலங்கை இறையியல் கல்லூரி இருக்கு. 1963ல அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்டிஸ்ட் சபைகள் சேர்ந்து தொடங்கினது. சிங்களத்துலயும் தமிழ்லயும் படிப்பிப்பாங்க, ரெண்டு மொழிப் பிள்ளைகளும் ஒரே வளாகத்துல தங்கிப் படிப்பாங்க. பட்டம் வர்றது செராம்பூர்ல இருந்து. வில்லியம் கேரியும் மார்ஷ்மனும் வார்டும் 1818ல கல்கத்தாவுக்குப் பக்கத்துல, அப்ப டென்மார்க் கையில இருந்த ஊர்ல தொடங்கின கல்லூரி அது. 1827ல டென்மார்க் அரசர் பட்டம் கொடுக்கிற உரிமைச் சாசனம் கொடுத்தார்.

பொதுவாத் தனியாள் நேரா விண்ணப்பிக்கிறதில்லை, சபையோட பரிந்துரையோட வர்றதுதான் வழக்கம். அதனால முதல் கதவு கல்லூரி இல்லை, உங்க ஊர்ப் போதகர். ஆனா நீங்க கத்தோலிக்கம்னு சொன்னீங்க. குருவாகணும்னா வழி மறைமாவட்டம் ஊடாக, கண்டி அம்பிட்டிய தேசிய குருமடத்துக்கு. ஒரு வேடிக்கை பாருங்க: அந்த இடத்துல 1893ல பாப்பரசர் 13ஆம் லியோ குருமடம் வச்சதே இந்தியப் பிள்ளைகளைப் படிப்பிக்கத்தான். 1955ல அந்தக் குருமடம் புனேக்குப் போச்சு. இந்தியாவுல இருந்து கண்டிக்குப் படிக்க வந்த காலமும் இருந்திருக்கு.

குருவாகாம கிறிஸ்தவம் படிப்பாப் படிக்கணும்னா ஏ.எல்ல கிறிஸ்தவ நாகரிகம் எடுத்து, கலைப் பிரிவுல யாழ்ப்பாணத்தையோ களனியையோ பாருங்க. ரெண்டுலயும் அதுக்குத் துறை இருக்கு.

கொழுந்துக்கூடை:

எல்லாருக்கும் நன்றி. இன்னைக்குப் படிவத்தை எடுத்துப் பார்த்தோம். மணியோசை அக்கா சொன்ன அந்த வரி ஆறாவது பக்கத்துல இருக்கு. ‘பல்கலைக்கழகத்தின் எல்லா ஆன்மீகக் கூட்டங்களிலும்’னு போட்டிருக்கு. தங்கச்சி கையெழுத்துப் போடலை. ஆனா அந்த வரியை வெட்டிட்டு மத்ததுல போடலாமா? என்.பி.ஏ தளத்துல ‘கம்பியூட்டர் சயன்ஸ் அன்ட் இன்ஜினியரிங்’ முதல் அடுக்குல இருக்கு. கடிதத்துல அதுக்குப் பின்னால அடைப்புக்குறியில ‘டேட்டா சயன்ஸ்’னு இருக்கு. ரெண்டும் ஒண்ணா?

அளவுகோல் பதில்:

ஒண்ணு இல்லை. அடைப்புக்குறி சேர்ந்தா அது வேற பாடநெறி, தனி அனுமதி, தனி அங்கீகாரம். புதுப் பாடநெறின்னா குறைஞ்சது ரெண்டு தொகுதி பட்டம் முடிச்சு வெளியே போன பிறகுதான் என்.பி.ஏ அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்க முடியும். அடைப்புக்குறி இல்லாத பாடநெறிக்கு மாத்தித் தர முடியுமான்னு இந்த வாரமே கேளுங்க. இடம் நிரம்பிடுச்சுன்னா பிறகு மாத்த மாட்டாங்க.

மணியோசை பதில்:

வெட்டாதீங்க. வெட்டின படிவத்தை முழுமையில்லைன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. படிவத்தோட தனித் தாள்ல தங்கச்சி பேர்ல ஒரு கடிதம் வைங்க: தான் கத்தோலிக்கர், ஞாயிறு பூசைக்குப் பங்குக் கோவிலுக்குப் போக வேணும், மற்ற வழிபாட்டுக் கூட்டங்களுக்குத் தன் விருப்பப்படி வருவேன், 28(3) உறுப்புரையின்படி இதை அறியத் தருகிறேன். நாலு வரி போதும், சண்டைத் தொனி வேண்டாம். பங்குத்தந்தை கடிதத்தையும் கூட வைங்க, எப்படியும் ‘மேரி’க்காக வாங்கத்தானே போறீங்க, அதே கடிதத்துல ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க. அனுமதி அலுவலகத்துக்கும் வளாகக் குருவுக்கும் ரெண்டு பேருக்கும் மின்னஞ்சல்ல அனுப்பி, ‘கிடைத்தது, ஏற்றுக்கொள்கிறோம்’னு பதில் வந்த பிறகு ஆறாவது பக்கத்துல கையெழுத்துப் போடட்டும். அந்தப் பதிலை அச்செடுத்துப் பாஸ்போர்ட் உறைக்குள்ள வச்சிடுங்க, விடுதி வார்டன் மாறும்போது அதுதான் பேசும்.